பிள்ளையின் தாளில் கை வைக்காதீர்கள்: ஓவிய வகுப்பு எடுக்கப் புதிதாக வருபவர்களுக்கு

பினாங்கில் ஏதாவது ஒரு தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு வகுப்புக்குள் போய், "பிடித்த படம் வரையுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். பாதிப் பேர் தாளில் இரண்டு மலை வந்துவிடும். நடுவில் பாதிச் சூரியன், அங்கிருந்து நெளிந்து வரும் ஒரு ஆறு, கரையில் ஒரு குடிசை, ஒரு தென்னை மரம், டிக் அடித்த மாதிரி நான்கைந்து பறவைகள். வரைந்த பிள்ளையோ ஆயர் ஈத்தாமில் அடுக்குமாடி வீட்டில் குடியிருக்கும். பட்டர்வொர்த்தில் இருக்கும் பாட்டியைப் பார்க்க ஃபெரியில் போகும். பாலத்தில் நெரிசல் என்றால் காரின் பின்சீட்டில் தூங்கிவிடும். அதில் ஒன்றுகூடத் தாளுக்கு வராது. என்றோ ஒரு பெரியவர் பலகையில் போட்டுக் காட்டிய படம், அண்ணன் கையிலிருந்து தம்பி கைக்கு வந்துகொண்டே இருக்கிறது.

கணிதமோ அறிவியலோ படித்துவிட்டு வந்து, கால அட்டவணையில் கலைக்கல்விப் பாடவேளையும் சேர்ந்து விழுந்த புதிய ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். கோயில் மண்டபத்திலோ வீட்டு முன்கூடத்திலோ வார இறுதி வகுப்பு தொடங்க நினைப்பவர்களுக்கும் பயன்படும். 'மாணவர் மையக் கலைக்கல்வி' என்று பயிற்சிகளில் நிறையக் கேட்டிருப்பீர்கள். அதைத் தப்பாகப் புரிந்துகொண்டு, "இஷ்டப்படி வரையுங்கள்" என்று சொல்லிவிட்டுப் பயிற்சிப் புத்தகம் திருத்த உட்கார்ந்துவிடுகிறவர்கள்தான் அதிகம். அப்படி விட்டால் வருவது அதே இரண்டு மலைதான்.

நான் பிடித்துக்கொண்டிருப்பது ஒரே ஒரு பிரிவினை. தாள் பிள்ளையுடையது, மேசை ஆசிரியருடையது. தாளில் என்ன வரவேண்டும் என்பதில் நீங்கள் தலையிடக்கூடாது. மேசையில் என்ன பொருள் இருக்க வேண்டும், எந்த உத்தியை எந்த வாரம் காட்ட வேண்டும், என்ன கேள்வி கேட்க வேண்டும் என்பதெல்லாம் முழுக்க உங்கள் பொறுப்பு. இந்த எண்ணம் நேற்று வந்ததும் இல்லை. வியன்னாவில் ஃபிரான்ஸ் சிஷெக் 1897-லேயே பிள்ளைகளைப் பெரியவர்களின் படத்தைப் பார்த்து வரையவைக்காமல், சொந்தமாக வரையவிடும் வகுப்பு நடத்தினார்.

முதலில் வயதைப் பாருங்கள்

பிள்ளைகளின் படங்கள் வயதுக்கு வயது எப்படி மாறுகின்றன என்பதை விக்டர் லோவன்ஃபெல்ட் 1947-இல் படிப்படியாக எழுதிவைத்தார். எல்லாப் பிள்ளைக்கும் அச்சாகப் பொருந்தாது என்றாலும், புதியவர்களுக்கு இதைவிட உதவும் வரைபடம் எனக்குத் தெரிந்து இல்லை.

7 முதல் 9 வயது வரை பிள்ளை தாளின் அடியில் ஒரு தரைக்கோடு போட்டு, எல்லாவற்றையும் அதன்மேல் நிறுத்தும். மேலே நீலப் பட்டையாக வானம் இருக்கும், நடுவில் வெள்ளை. வீட்டுச் சுவரைத் தாண்டி உள்ளே கட்டிலும் காற்றாடியும் தெரியும். அம்மா வாசற்கதவைவிட உயரமாக இருப்பார். இவை எதையும் திருத்தாதீர்கள். பிள்ளைக்கு எது முக்கியமோ அது பெரிதாக வருகிறது, அவ்வளவுதான்.

9, 10 வயதில்தான் சிக்கல் தொடங்குகிறது. தன் படம் நிஜம்போல் இல்லை என்பதைப் பிள்ளை தானே கண்டுபிடித்துவிடும். அழிப்பான் வேகமாகத் தேயும் வயது இது. "எனக்கு வரைய வராது டீச்சர்" என்ற பேச்சு நான்காம், ஐந்தாம் ஆண்டில்தான் கேட்கத் தொடங்கும். அப்போது "நல்லாத்தானே இருக்கு" என்று நீங்கள் சமாதானம் சொன்னால் பிள்ளை நம்பாது. அதற்கு வேண்டியது ஆறுதல் இல்லை, உற்றுப் பார்க்கும் பழக்கம்.

டுரியான் சீசனில் ஒருநாள் தோல் துண்டுகளைக் கழுவிக் காயவைத்து ஐந்தாம் ஆண்டுக்குக் கொண்டுபோங்கள். (பாலிக் பூலாவ் போய்வரும் மாமா யாராவது வீட்டுக்கு ஒருவர் இருப்பார்.) முழுத் தோலையும் வரையச் சொன்னால் பிள்ளைகள் முக்கோணம் முக்கோணமாகப் போட்டு ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். ஒரே ஒரு முள்ளைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். பென்சிலைக் கீழே வைத்துவிட்டு அதை மட்டும் பார்க்கட்டும். அடியில் அதற்கு எத்தனை பக்கம்? நுனி நேராக நிற்கிறதா, சாய்கிறதா? பச்சை எங்கே முடிந்து பழுப்பு எங்கே தொடங்குகிறது? சன்னல் வெளிச்சம் எந்தப் பக்கம் விழுகிறது? அப்புறம் அந்த ஒரு முள்ளை உள்ளங்கை அகலத்துக்கு வரையட்டும். 'எனக்கு வராது' என்று சொன்ன பிள்ளையின் தாளில்கூட, தான் கண்ணால் பார்த்த ஏதோ ஒன்று வந்திருக்கும். வாடை கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

மேசையை அடுக்குவது

எல்லாப் பொருளையும் முதல் நாளே பரப்பினால் ஓவிய வகுப்பு சந்தைக்கடை ஆகிவிடும். ஒவ்வொரு வகைப் பொருளுக்கும் வகுப்பில் ஒரு மூலை ஒதுக்கி, ஒவ்வொன்றாகத் திறங்கள். முதல் சில வாரம் பென்சில், வண்ணப் பென்சில், கிரேயான் மட்டும் போதும். அதை எடுப்பதும் திரும்ப வைப்பதும் பழகிய பிறகு, கத்தரித்து ஒட்டும் மூலை. அதுவும் பழகிய பிறகுதான் கலரும் தண்ணீரும். புது மூலையைத் திறக்கும் அன்று எல்லாப் பிள்ளையும் அதைச் செய்து பார்க்கட்டும். அடுத்த வாரத்திலிருந்து, திறந்திருக்கும் மூலைகளில் எது பிடித்திருக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளலாம். தேர்ந்தெடுப்பதும் கற்றுக்கொடுக்க வேண்டிய பழக்கம்தான். 'என்ன செய்யட்டும்' என்று வெறும் தாளைப் பார்த்தபடி நிற்கும் பிள்ளை எல்லா வகுப்பிலும் இருக்கும். அதை அவசரப்படுத்தாமல், "பழைய படத்தைக் கொண்டுவா, அதில் எதை இன்னொரு தடவை செய்யலாம்?" என்று கேளுங்கள்.

பொருளுக்குப் பெரிய செலவு வேண்டாம். தண்ணீருக்குப் பழைய மைலோ டின். கலர் குழைக்கத் தாப்பாவ் டப்பாவின் மூடி. மேசைக்குப் பழைய நாளிதழ், தூரிகை துடைக்கப் பழைய துணி. பெரிய வேலைக்கு மாஜோங் பேப்பர், கோப்புக்கு மணிலா கார்டு. தூரிகையில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். மயிர் உதிரும் தூரிகையோடு பிள்ளை மல்லுக்கட்டினால் அந்தப் பாடவேளையே அதிலேயே போய்விடும்.

வாரத்தில் ஒரு மணி நேரம் கிடைத்தால், செய்து காட்ட 10 நிமிடத்துக்கு மேல் எடுக்காதீர்கள். கடைசி 15 நிமிடம் துடைப்பதற்கும், ஒருவர் படத்தை ஒருவர் பார்ப்பதற்கும். நடுவில் மிச்சமிருப்பது முழுக்கப் பிள்ளைகளுடையது. நாள்பாடத்திட்டத்தில் இதை இப்படியே எழுதிவையுங்கள். தலைமையாசிரியர் எட்டிப்பார்க்கும்போது ஆறு பேர் ஆறு வேலை செய்துகொண்டிருந்தாலும் காட்டுவதற்கு உங்கள் கையில் ஒன்று இருக்கும்.

கலர் கொடுக்கும் வாரம்

சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை. இந்த நான்கு போஸ்டர் கலரோடு தொடங்குங்கள். கறுப்பைக் கொஞ்ச நாள் பூட்டி வையுங்கள். கறுப்பு கையில் கிடைத்தால் நிழல், முடி, மரம், இரவு எல்லாவற்றுக்கும் அதையே அப்பிவிடுவார்கள்.

முதல் வேலையாகத் தங்கள் கையின் நிறத்தைக் குழைக்கச் சொல்லுங்கள். நான் எந்த வகுப்பிலும் இதை விட்டுவிடுவதில்லை. நம் பிள்ளைகள் தங்களை வரையும்போது, பெட்டியில் இருக்கும் அந்த வெளிர் ரோஸ் பென்சிலைத்தான் முகத்துக்கு எடுப்பார்கள். மாநிறப் பிள்ளையும் கறுத்த பிள்ளையும் ஒரே பென்சிலுக்குக் கை நீட்டும். நாம் பிரசங்கம் செய்தால் ஒன்றும் மாறாது. குழைக்க விட்டால் மாறும்.

மஞ்சளை நிறைய எடுத்து, சிவப்பைக் கொஞ்சம் சேர்த்தால் ஆரஞ்சு வரும். அதில் தூரிகை நுனியில் ஒட்டும் அளவுக்கு நீலம். ஆரஞ்சு மங்கிப் பழுப்பாகும். அந்த நொடியில் வகுப்பில் ஒரு சத்தம் கேட்கும். நீலம் கூடிவிட்டால் சேறு மாதிரி ஆகிவிடும். அப்போது இன்னும் கொஞ்சம் மஞ்சளும் சிவப்பும் சேர்த்து மீட்கலாம். வெளிற வேண்டுமென்றால் வெள்ளை, ஆனால் வெள்ளை கூடினால் சாம்பல் பூத்துப்போகும். ஒரு பொட்டு எடுத்துப் புறங்கையில் வைத்துப் பார்க்கட்டும். இன்னும் சிவப்பு வேண்டுமா? உள்ளங்கை வேறு நிறமாக இருக்கிறதே, அதற்கு என்ன செய்வது? பக்கத்துப் பிள்ளையின் கை உன் கையைவிட எந்தப் பக்கம் போகிறது, மஞ்சளா சிவப்பா? பிடித்த நிறம் கிடைத்ததும் தாளின் ஓரத்தில் ஒரு சதுரம் பூசி, எதை எவ்வளவு சேர்த்தார்கள் என்று எழுதிவைக்கட்டும். அடுத்த தடவை தன்னை வரையும்போது பிள்ளை அந்தக் குறிப்பைத் தேடும்.

செய்து காட்டுங்கள், எடுத்து ஒளித்துவிடுங்கள்

பிள்ளை மையம் என்பதால் எதையும் சொல்லிக்கொடுக்கக் கூடாது என்று நினைத்துவிடாதீர்கள். உத்தி தெரியாத பிள்ளைக்குச் சுதந்திரத்தால் பெரிய லாபம் கிடையாது. நான் சொல்வது, உத்தியைக் காட்டுங்கள், முடிந்த படத்தைக் காட்டாதீர்கள்.

பாத்தேக் பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சாந்திங் என்ற சின்ன மூக்குள்ள கருவியால் துணியில் மெழுகுக் கோடு இழுத்துச் சாயம் ஏற்றுகிறார்கள். மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. வகுப்பில் சூடான மெழுகு வேண்டாம். ஆயில் பாஸ்டலால் அழுத்திக் கோடு போட்டு, மேலே தண்ணீர் கூட்டிய வாட்டர் கலரைப் பூசினால் அதே வேலை நடக்கும். ஒரு சின்னத் துண்டுத் தாளில், எந்த உருவமும் இல்லாமல், வெறும் கோட்டை வைத்தே செய்து காட்டுங்கள். அழுத்தாமல் போட்டால் கலர் உள்ளே புகுந்துவிடும் என்பதையும் காட்டுங்கள். அப்புறம் அந்தத் துண்டை மேசைக்குள் போட்டுவிடுங்கள். நீங்கள் ஒரு செம்பருத்திப் பூ போட்டுப் பலகையில் மாட்டினால், அத்தனை தாளிலும் செம்பருத்திதான்.

பாத்தேக்கைச் சட்டைத் துணியோடு நிறுத்தாமல் ஓவியமாக்கியவர் சுவா தியன் தெங் என்று சொல்லுங்கள். பினாங்கில் வாழ்ந்து 2008-இல் காலமானவர். நம் ஊர்க்காரர் என்றதும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

தலைப்புக்குப் பதில் கேள்வி

'தைப்பூசம்' என்று தலைப்புக் கொடுத்தால் ஒரு காவடி, ஒரு மயில், ஒரு வேல். எல்லாம் முன்பக்கம் பார்த்தபடி, கச்சிதமாக. அதையே, "ரதம் வந்தபோது நீ எங்கே நின்றாய்? அங்கிருந்து உனக்கு என்ன தெரிந்தது?" என்று கேட்டுப் பாருங்கள்.

கூட்டத்துக்குள் நின்ற சின்னப் பிள்ளைக்குத் தெரிந்தது கால்கள். மஞ்சள் வேட்டியின் கரை, செருப்பில்லாத பாதம், கொலுசு. சாலையில் உடைத்த தேங்காய்ச் சில்லுகள் குவியலாகக் கிடக்க, இளநீர் வழுக்கும் தார்ரோடு. அப்பா தோளில் உட்கார்ந்த பிள்ளைக்குத் தெரிந்தது தலைகள், தூக்கிப் பிடித்த கைப்பேசிகள், தூரத்தில் ரதத்தின் விளக்கு. தண்ணீர்ப் பந்தலில் வேலை செய்த குடும்பத்துப் பிள்ளைக்கு மோர் வாளியும் அடுக்கிய கப்பும். ஒருவர் படம் இன்னொருவர் படம்போல் இருக்க வழியே இல்லை.

இதே வழியைத் தீபாவளிக்கும் தேசிய நாளுக்கும் வைத்துக்கொள்ளலாம். இடம், நேரம், உடம்பு, இந்த மூன்றையும் கேள்விக்குள் கொண்டுவாருங்கள். எங்கே நின்றாய், எந்நேரம், கையில் என்ன இருந்தது? கோலத்துக்கு மட்டும் நான் இப்படிக் கேட்பதில்லை. வடிவமைப்புப் பாடத்தில் புள்ளியைக் கொடுத்து, புள்ளிகளைச் சுற்றிப் போகும் கோடு தொடங்கிய இடத்துக்கே வந்து சேர வேண்டும் என்ற ஒரே விதியோடு விட்டுவிடுவேன். விதி இறுக்கமாக இருந்தால்தான் சில பிள்ளைகளுக்கு யோசனை ஓடும்.

நடந்துபோகும்போது பேசுவது

"அழகு", "சூப்பர்" இரண்டையும் குறைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை அந்தச் சொல்லுக்காகவே வரையப் பழகிவிடும். நீங்கள் பார்த்ததை அப்படியே சொல்லுங்கள்: "இந்த மூலையில் கோடு நெருக்கமா இருக்கு, அந்தப் பக்கம் காலியா விட்டிருக்கே." "இது என்ன?" என்று கேட்பதையும் தவிருங்கள். அம்மாவை வரைந்த பிள்ளையிடம் அந்தக் கேள்வி கேட்டால் முகம் சுண்டிப்போகும். "இதைப் பத்திச் சொல்லு பாப்பா" என்றால் போதும்.

"டீச்சர், யானை வரல, நீங்களே போட்டுக் குடுங்க" என்று ஒரு தம்பி தாளை நீட்டுவான். இங்கேதான் உங்களுக்குச் சோதனை. அவன் தாளை வாங்காதீர்கள். பக்கத்தில் ஒரு துண்டுத் தாளை எடுத்து, "யானையில் எது வரல, காலா, தும்பிக்கையா?" என்று கேளுங்கள். தும்பிக்கை என்றால், தும்பிக்கை எங்கிருந்து தொடங்குகிறது என்பதை மட்டும் உங்கள் துண்டில் காட்டிவிட்டு அதைக் கசக்கிப் போடுங்கள். அவன் யானை உங்கள் யானையைவிடக் கோணலாகத்தான் வரும். வரட்டும்.

வெளியே கூட்டிப்போவது

ஜார்ஜ்டவுனில் அர்மேனியன் சாலைக்குப் பிள்ளைகளை அழைத்துப்போனால், லிதுவேனியாக்காரர் எர்னஸ்ட் சகாரெவிச் 2012-இல் சுவரில் வரைந்த இரண்டு பிள்ளைகளையும், அவர்கள் ஓட்டும் நிஜச் சைக்கிளையும் பார்க்கலாம். படம் எடுக்க வரிசை நிற்கும் இடம் என்பதால் காலையிலேயே போய்விடுங்கள். விளக்கம் சொல்லாமல் மூன்று கேள்வி கேளுங்கள்: இங்கே என்ன நடக்கிறது? எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்? வேறென்ன தெரிகிறது? பிலிப் யெனவைன், அபிகேல் ஹவுசன் இருவரும் அருங்காட்சியகங்களில் பிள்ளைகளோடு பேசுவதற்காக உருவாக்கிய முறை இது. இரண்டாம் கேள்விதான் உயிர். "அந்தத் தம்பி பயப்படுறான்" என்று சொன்ன பிள்ளை, கையைக் காட்டும், வாயைக் காட்டும், திரும்பவும் சுவரைப் பார்க்கும். பள்ளிக்குத் திரும்பியதும், சுவரில் நிஜச் சைக்கிள் இருந்த மாதிரி, ஒரு பாட்டில் மூடியையோ உடைந்த சீப்பையோ தாளில் ஒட்டி, அதைச் சுற்றி வரையவிடுங்கள்.

குயின் ஸ்திரீட் மகாமாரியம்மன் கோயில் கோபுரமும் நல்ல பாடம். கழுத்தை நிமிர்த்தி, ஒரே ஒரு உருவத்தைத் தேர்ந்தெடுத்து வரைந்தால் போதும். கோலாலம்பூர் போகும் கல்விச் சுற்றுலா கிடைத்தால் தேசியக் கலைக்கூடத்தையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். 1958-இல் தொடங்கிய கூடம் அது. செய்யது தாஜுதீன் என்ற மலேசிய ஓவியர் இராமநாதபுரத்து அழகன்குளத்தில் பிறந்து, சென்னை ஓவியக் கல்லூரியில் படித்தவர் என்பதையும் போகிறபோக்கில் பிள்ளைகள் காதில் போட்டுவையுங்கள். ஓவியர் என்றாலே வேறு யாரோ என்ற நினைப்பு கொஞ்சம் தளரும்.

மதிப்பீடும் பெற்றோரும்

வகுப்பறை மதிப்பீட்டில் 1 முதல் 6 வரை அடைவுநிலை போட வேண்டும். ஒரே ஒரு படத்தை வைத்துப் போடாதீர்கள். ஒவ்வொருவருக்கும் மணிலா கார்டில் ஒரு கோப்பு, ஒவ்வொரு தாளின் பின்னால் தேதி, பிள்ளை தன் வாயால் சொன்ன ஒரு வரி. பாடத்துக்கான தர ஆவணத்தில் கேட்டிருக்கும் உத்தி கைவந்திருக்கிறதா, சொந்தமாக முடிவெடுத்திருக்கிறதா என்பது பழைய தாளையும் புதிய தாளையும் பக்கத்தில் வைத்தால் தெரிந்துவிடும்.

பெற்றோருக்கு விளக்குவதுதான் கஷ்டம். வர்ணம் தீட்டும் போட்டியில் கோட்டுக்கு வெளியே போகாமல் பூசிப் பரிசு வாங்குவதையே ஓவியம் என்று நாமே பழக்கியிருக்கிறோம். போட்டியைத் திட்டி ஆகப்போவது ஒன்றும் இல்லை, ஆசைப்படும் பிள்ளை போகட்டும். ஆனால் வகுப்பைப் போட்டிக்கான பயிற்சிக்கூடம் ஆக்கிவிடாதீர்கள். "என்ன டீச்சர், கிறுக்கி வெச்சிருக்கான்" என்று கேட்கும் அம்மாவிடம் வாதம் செய்யவேண்டாம். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தன்று நடைபாதையில் எல்லாப் பிள்ளையின் படத்தையும் மாட்டுங்கள், நல்லவை என்று நீங்கள் பொறுக்கியதை மட்டுமல்ல. ஒவ்வொன்றின் கீழும் பிள்ளை சொன்ன அந்த ஒரு வரி. 'இது நான் அப்பா தோளில் இருந்து பார்த்தது' என்று படித்த பிறகு அதைக் கிறுக்கல் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

கடைசியாகத் திறக்கும் மூலை

களிமண்ணை மற்ற எல்லா மூலையும் பழகிய பிறகு திறங்கள். பிள்ளைகளுக்கு இதைவிடப் பிடித்தது எதுவும் இல்லை. துப்புரவுப் பணியாளர் அக்காவுக்கு இதைவிடப் பிடிக்காததும் எதுவும் இல்லை. ஒரு கைப்பிடி அளவுக்கு உருட்டி ஈரத்துணியில் மூடிவையுங்கள். கைகளை நேரே குழாயடியில் கழுவினால் தொட்டி அடைத்துக்கொள்ளும். அதனால் வாசலில் இரண்டு வாளி வையுங்கள்: முதல் வாளியில் மண் போக, இரண்டாவதில் அலச. வகுப்பு முடிந்ததும் முதல் வாளியை அசைக்காமல் மறுநாள் வரை விட்டுவைத்து, தெளிந்த தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு, அடியில் தங்கும் மண்ணைத் துணியில் கட்டித் தொங்கவிட்டால் அடுத்த வகுப்புக்கு ஆகும்.